பசு தராத பால்

பால் என்ற சொல்லுக்குத் தமிழில் பசு மட்டுமே சொந்தம் கொண்டாடியது கிடையாது. தேங்காயைத் துருவி அரைத்துப் பிழிந்தால் தேங்காய்ப்பால். திருநெல்வேலி அல்வாவுக்காகக் கோதுமையை ஊறவைத்து ஆட்டி எடுப்பது கோதுமைப்பால். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டினால் கேழ்வரகுப்பால். மதுரை வீதிகளில் தள்ளுவண்டியில் சுடச்சுட விற்கிறார்களே பருத்திப்பால், அது பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்குப் போட்டுக் காய்ச்சியது. நம் கல்யாணங்களில் கொடுக்கும் பாதாம் பால் மட்டும் இந்த வரிசையில் சேராது. அது பசும்பாலில் பாதாமை அரைத்து விட்டது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது!

ஆகவே, "தாவரப் பால்" என்று இப்போது பெரிதாகப் பேசப்படுவது நமக்குப் பெயரளவில் புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன எந்தப் பாலையும் நம் முன்னோர் பசும்பாலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளவில்லை. தேங்காய்ப்பாலை உறைகுத்தித் தயிர் சாதம் பிசைந்தவர் யாரும் இல்லை. பசும்பாலை நீக்கிவிட்டு அந்த இடத்தில் செடியின் பாலை வைக்கும் முயற்சிக்குத் தனிச் சரித்திரம் உண்டு. அதற்கு வயது நூறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். நான் இருப்பது நாக்பூரில். அந்தச் சரித்திரத்தின் முக்கியமான இந்திய அத்தியாயம் ஒன்று இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் உள்ள வார்தாவில் நடந்தது. இப்போது நம் உறுப்பினர்கள் பலருடைய சமையல் மேடையில், பெண்ணோ பிள்ளையோ வாங்கி அனுப்பிய சோயாப்பால் இயந்திரம் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அதனால் இதை எழுதத் தோன்றியது.

முதலில் தேங்காய்ப்பாலைப் பற்றி இரண்டு வார்த்தை. இதில் நம்மில் பாலக்காட்டுக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. அடைப் பிரதமனுக்கும் சக்கைப் பிரதமனுக்கும் ஒரே தேங்காயிலிருந்து மூன்று முறை பால் எடுப்பார்கள். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த கெட்டிப்பால் ஒன்றாம் பால். அதே சக்கையில் வெந்நீர் விட்டுப் பிழிந்தது இரண்டாம் பால். பிறகு மூன்றாம் பால். வேகவைப்பது மூன்றாம் பாலில். கொதித்துக் குறுகுவது இரண்டாம் பாலில். ஒன்றாம் பாலை விட்டதும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். ஊறவைத்தல், அரைத்தல், துணியில் பிழிதல், எந்தப் பாலை எப்போது சூடாக்குவது என்ற கணக்கு, இத்தனையும் நம் பாட்டிகள் கையில் இருந்தன. உலகில் எந்தத் தாவரப் பாலுக்கும் அடிப்படை முறை இதுதான்.

பசும்பாலுக்கு மாற்றைத் தேடித் தன் உடம்பையே பணயம் வைத்தவர் காந்திஜி. 1912-ல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். பால் புலனடக்கத்துக்குத் தடை என்ற எண்ணம் ஒரு காரணம். கல்கத்தாவில் மாடுகளைக் கறப்பதற்காக அவற்றைப் படுத்திய கொடுமைகளைப் பற்றிப் படித்தது இன்னொரு காரணம். ஆறு வருஷம் அந்த விரதம் இடைஞ்சலில்லாமல் நடந்தது. 1918-ல் கேடா மாவட்டத்தில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்து, கடுமையான சீதபேதியில் விழுந்தார். பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. பாலுக்கு மாற்றாக ஏதாவது சொல்லுங்கள் என்று டாக்டர்களையும் வைத்தியர்களையும் விஞ்ஞானிகளையும் கேட்டார். ஒருவர் பாசிப்பயறு நீர் என்றார், ஒருவர் இலுப்பை எண்ணெய் என்றார், இன்னொருவர் பாதாம் பருப்பிலிருந்து எடுத்த பால் என்றார். எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்தார், எழுந்திருக்க முடியவில்லை. "சத்திய சோதனை"யில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

1919 தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலால் வந்து பார்த்தார். பால் சாப்பிடாவிட்டால் உடம்பைத் தேற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். விரதத்தைக் காரணம் காட்டினார் காந்திஜி. கட்டிலருகே நின்ற கஸ்தூரிபா, விரதம் எடுத்தபோது நினைவில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்றார். டாக்டரும் அதைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுப்பாலைக் குடித்தார், பிழைத்தார். ஆனால் விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் கடைசிவரை அவருக்கு இருந்தது. காந்திஜியின் ஆட்டைப் பற்றி வேடிக்கையாகப் பேசுகிறோம். அது அவருக்கு வேடிக்கையாக இருக்கவில்லை. பாலுக்கு இணையான தாவர உணவு ஒன்றை யாராவது கண்டுபிடித்துத் தர வேண்டும் என்ற ஆசையை அவர் விடவேயில்லை.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் அமைந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டத்து வீடு அதன் தலைமையிடம். அதைக் கட்டி நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1935-ல் அங்கேதான் காந்திஜி சோயா மொச்சையைப் பொதுச் சமையலில் சேர்த்துப் பரிசோதனை நடத்தி, "ஹரிஜன்" இதழிலும் அதைப் பற்றி எழுதினார். ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்குமா என்பதுதான் அவர் கேள்வி. மகன் சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகத்தை 1938 டிசம்பரில் அவரே திறந்து வைத்தார். வார்தா வழியாகப் போகும் நம் அன்பர்கள் சேவாகிராமத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், இதையும் பார்க்கலாம்.

காந்திஜிக்குத் தார்மிகப் பிரச்சினையாக இருந்தது, அடுத்த தலைமுறை விஞ்ஞானிகளுக்குப் பட்டினிப் பிரச்சினையாக ஆயிற்று. 1940-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. சுப்ரமணியன், எச். எஸ். ஆர். தேசிகாச்சார் முதலியோர் சோயாப்பாலின் ஊட்டத்தை ஆராய்ந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் டைரக்டர் அதே சுப்ரமணியன். அன்று நாட்டின் பால் உற்பத்தி வருஷத்துக்குச் சுமார் 1.7 கோடி டன். தலைக்கு ஒரு நாளைக்கு 130 கிராம் அளவில்தான் கிடைத்தது. நிலக்கடலையோ மலிவு. கடலையிலிருந்து பால் எடுத்தார்கள். அந்தப் பாலை உறையவைத்துத் தயிரும் செய்து பார்த்தார்கள். பிற்பாடு எருமைப்பாலில் கடலைப் புரதத்தைக் கலந்து "மில்டோன்" என்ற பானம் உருவாகிப் பெங்களூரில் தயாரிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு மலிவாகப் புரதம் கொடுப்பதே நோக்கம்.

அது ஏன் நிலைக்கவில்லை? இரண்டு காரணங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு, அஃப்ளடாக்ஸின், அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கடலைப் புரதத்தின் மீது அன்று விழுந்த சந்தேகம் லேசில் நீங்கவில்லை. இரண்டாவது காரணம் நல்ல செய்தி. 1970 ஜனவரியில் "ஆபரேஷன் ஃப்ளட்" தொடங்கியது. பாலே பெருகியபின் பாலுக்கு மாற்று எதற்கு? 2023-24-ல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன்; தலைக்கு 471 கிராம். எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவுப் பவுடர் செய்யும் முறையை அமுலுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதே மைசூர் நிலையம்தான். ஒரே கூரையின் கீழ் கடலைப்பாலும் எருமைப்பாலும் போட்டியிட்டன, எருமை ஜெயித்தது.

இதற்கிடையில் நம் சமையலறையில் வேறொரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார். 1963-ல் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினீயர் "சுமீத்" மிக்ஸிக்கு அடிபோட்டார். மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்ஸி பழுதாகிப்போனதும், நம் ஊர் மிளகாயையும் பருப்பையும் மஞ்சளையும் தாங்கும் மோட்டாரோடு ஒன்றைச் செய்து தரும்படி அந்த அம்மாள் கேட்டதும்தான் அதன் தொடக்கம் என்று சொல்வார்கள். மாடுங்காவிலும் கரோல்பாக்கிலும் மூன்றாம் மாடியில் குடியிருந்த நம்மவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைய குழந்தைகளுக்குப் புரியவைப்பது கடினம். ஆட்டுக்கல்லை மாடியில் எங்கே போடுவது? போட்டாலும் கீழ்வீட்டுக்காரர் விடுவாரா? மிக்ஸி வந்தபின் தேங்காய்ப்பால் ஐந்து நிமிஷ வேலையாயிற்று. அமெரிக்காவுக்குக் குடிபோன பெண்கள் பெட்டியில் புடவைக்கு நடுவே மிக்ஸியைச் சுற்றி எடுத்துப்போன காலமும் உண்டு.

ஆனால் மிக்ஸி அரைக்கும், காய்ச்சாது. தேங்காய்க்கும் பாதாமுக்கும் அது போதும். சோயாவுக்குப் போதாது. இங்கேதான் சீனா வருகிறது.

சீனாவில் சோயாப்பால் பாலுக்கு மாற்றல்ல. நமக்குக் காப்பி மாதிரி, அவர்களுக்குக் காலை ஆகாரத்தோடு சேர்ந்தது. ஊறவைத்த சோயாவைக் கல் திருகையில் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைப்பார்கள். அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர்களில் முன்னோடி லீ யூ-யிங் என்ற சீனர். பாரிஸ் அருகே ஆலை வைத்து, 1910-ல் சோயாப்பால் தயாரிப்புக்குப் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஹாங்காங்கில் கே. எஸ். லோ 1940-ல் "விடாசாய்" என்று புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். சோயாவைச் சீனாவின் பசு என்று வர்ணித்த ஒரு பிரசங்கத்தை 1936-ல் ஷாங்காயில் கேட்டதுதான் அவருக்குத் தூண்டுதல்.

சோயாவைப் பச்சையாக அரைத்துக் குடிக்க முடியாது. புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் ஒரு பொருள் அதில் இருக்கிறது; வயிற்றைப் புரட்டும். நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும். அதிலும் ஒரு சூது உண்டு. சோயாப்பால் உண்மையில் கொதிப்பதற்கு முன்பே நுரைத்துப் பொங்கிவிடும். பசும்பால் பொங்கினால் இறக்கலாம். இது பொங்கியதைப் பார்த்து இறக்கிக் குடித்தவர்கள் சீனாவில் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது பல தடவை நடந்திருக்கிறது. நுரையை அடக்கி, உண்மையான கொதி வந்தபின் பத்து நிமிஷமாவது காய்ச்ச வேண்டும். பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருந்தால்தான் அடிபிடிக்காது. காலையில் ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு இது நடக்கிற காரியமா?

1994-ல் ஷான்டோங் மாநிலத்தின் ஜினான் நகரில் வாங் சூநிங் என்ற இன்ஜினீயர் "ஜோயங்" கம்பெனியைத் தொடங்கி, அரைப்பதையும் காய்ச்சுவதையும் ஒரே ஜாடியில் செய்யும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அடியில் ஹீட்டர், மூடியில் மோட்டார், அதிலிருந்து கீழே தொங்கும் கத்தி. கூடவே ஒரு சின்ன உலோகக் கம்பி. என் மதிப்பில் இயந்திரத்தின் மூளை அதுதான். நுரை எழும்பி அந்தக் கம்பியைத் தொட்டதும் ஹீட்டர் தானே அணையும். நுரை தணிந்ததும் மறுபடி பற்றும். அடுப்பண்டை நின்று செய்த காவலை அந்தக் கம்பி எடுத்துக்கொண்டது. ஊறவைத்த சோயாவையும் தண்ணீரையும் விட்டு மூடினால் இருபது நிமிஷம் சுமாருக்குக் காய்ச்சிய பால் தயார். ஒரு லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் சோயா போதும். வடிகட்டிய சக்கையை எறிய வேண்டாம். அடைமாவில் கலந்தால் யாருக்கும் தெரியாது.

2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்த மோசடி வெளிவந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கடைப்பாலை நம்ப முடியாது என்று ஆனபின் வீட்டிலேயே பால் எடுக்கும் இந்த இயந்திரம் அங்கே வெகு வேகமாக விற்றது. பிறகு பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன. பாதாம், முந்திரி, ஓட்ஸ் என்று பட்டன்கள் பெருகின. இன்று நம் வீடுகளுக்கு வருவது அதன் வாரிசுகள்தான். காந்திஜியும் மைசூர் விஞ்ஞானிகளும் தேடியது, அவர்கள் தேடாத திசையிலிருந்து, ஒரு நகரத்துக் குடும்பத்தின் காலை அவசரத்திலிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

கிடைத்தது முழுமையாகக் கிடைத்ததா? இதைச் சரித்திரக் கட்டுரையில் சொல்லலாமா என்று தயங்கினேன். நம் அகங்களில் நடப்பதைப் பார்த்தபின் சொல்லத்தான் வேண்டும். சோயாப்பாலைக் கெட்டியாக எடுத்தால் புரதத்தில் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட சமம், நூறு மில்லிக்குச் சுமார் மூன்று கிராம். பாதாம்பாலிலும் ஓட்ஸ்பாலிலும் அவ்வளவு வராது. 1918-ல் காந்திஜியைப் பாதாம்பால் தேற்றாததில் அதிசயமில்லை. கால்சியம் பசும்பாலில் நூறு மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவு. வீட்டில் எடுத்த சோயாப்பாலில் அதில் சிறு பங்குதான். கடையில் விற்பதில் கால்சியத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் இயந்திரம் சேர்க்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் பி-12 வைட்டமின். அது செடிகொடிகளில் கிடையாது. மாமிசமும் முட்டையும் தொடாத நமக்கு அது வருகிற வழி பாலும் தயிரும் மோரும்தான். எழுபது வயதுக்காரர் ஒருவர், பேரன் சொன்னான் என்று, பாலையும் தயிரையும் ஒரே நாளில் நிறுத்துகிறார். மாமிசம் சாப்பிடும் அமெரிக்கர் பாலை நிறுத்துவதும் இவர் நிறுத்துவதும் ஒன்றல்ல. கைகால் மரத்துப்போவதும் ஞாபகமறதியும் வயதின் கோளாறு என்று விட்டுவிடுவோம். பி-12 குறைவாலும் அவை வரும். பாலை விடுகிறவர் விடட்டும், ஜீவகாருண்யம் நமக்கு அந்நியமல்ல. டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் ஏற்பாடு செய்துகொண்டு விட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது கூடவே கூடாது. அபிஷேகத்துக்கு இது ஆகுமா என்று கேட்கிறவர்களை நான் வாத்தியாரிடம் அனுப்பிவிடுகிறேன்.

பெயர்த் தகராறும் நடந்துவிட்டது. 2021-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், தாவர பானங்களைப் பால் என்ற பெயரில் விற்கக் கூடாது, அப்படி விற்பதை இணையக் கடைகள் நீக்க வேண்டும் என்றது. ஆனால் தேங்காய்ப்பாலுக்கு விதிவிலக்கு உண்டு. நெடுங்காலமாக உலகம் அதைப் பால் என்றே அழைத்துவருகிறது என்பதே நியாயம். பருத்திப்பாலுக்காக யாரும் மனுப் போடவில்லை போலும்!

சோயா நம் மண்ணில் பெரிய அளவில் ஊன்றியது 1960-களில், பந்த்நகர், ஜபல்பூர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எடுத்த முயற்சியால். மத்தியப் பிரதேசத்தில் பரவி, பிறகு விதர்ப்பாவுக்கும் வந்தது. மழைக்காலத்தில் நாக்பூரிலிருந்து வார்தா போகிற சாலையில் இருபுறமும் பருத்தியும் சோயாவும்தான் கண்ணில் படுகின்றன. விளைச்சலில் பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்குப் போகிறது. பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு கோழித் தீவனத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. 1935-ல் மகன்வாடிப் பொதுச் சமையலில் வெந்த தானியத்தை, அதைச் சுற்றி விளையும் ஊர்களில் இன்றும் சமையலறைக்குக் கொண்டுபோகிறவர் குறைவு. இத்வாரி தானியச் சந்தையில் ஒரு கிலோ வாங்கினால் பத்து லிட்டர் பால் எடுக்கலாம். வாங்கும்போது, உணவுக்கென்று விற்பதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். விதைப்புக்கென்று விற்பதில் பூஞ்சை மருந்து தடவியிருப்பார்கள், கழுவினாலும் அது ஆகாது.